நீரின் தூய்மைக்கு உழைத்த நங்கை – எலன் ரிச்சர்ட்ஸ் அம்மையார்

குழாயைத் திருகுகிறோம், நீர் கொட்டுகிறது. குவளையில் பிடித்து, கண்ணுக்குத் தெளிவாக இருந்தால் குடித்தும் விடுகிறோம். ஆனால் தெளிந்த நீரெல்லாம் தூய நீராகுமா? கண்ணும் நாக்கும் காட்டிக் கொடுக்காத மாசை வேறு எதைக் கொண்டு கண்டுபிடிப்பது? இக்கேள்விகளுக்கு விடை தேடித் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் சோதனைக் குழாய்களுக்கு நடுவே செலவிட்ட பெண்மணி ஒருவர் இருந்தார். மனையியல் பாடத்தைப் பயிலும் மாணவியர் அப்பாடத்தின் தாய் என்று இவரை அறிவர். மக்கள் குடிக்கும் நீருக்கு இவர் செய்த தொண்டை அறிந்தவர்கள் அவ்வளவு பேர் இல்லை. அவரே எலன் ரிச்சர்ட்ஸ் அம்மையார்.

எலன் ஹென்றியட்டா சுவாலோ 1842-ஆம் ஆண்டு டிசம்பர் 3-ஆம் நாள் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் டன்ஸ்டபிள் என்னும் சிற்றூரில் பிறந்தார். பெற்றோருக்கு ஒரே மகள். தந்தையும் தாயும் ஆசிரியப் பணி செய்தவர்கள். சிறு நிலத்தில் பயிரிட்டும் வந்தனர். தொடக்கக் கல்வியைப் பெற்றோரே வீட்டில் புகட்டினர். பின்னர் மகளின் படிப்பை முன்னிட்டுக் குடும்பம் 1859-இல் வெஸ்ட்ஃபோர்டு என்னும் ஊருக்குக் குடிபெயர்ந்தது. தந்தை அங்கே கடை வைத்தார். எலன் பள்ளிக்கும் சென்றார், கடையிலும் நின்றார், வீட்டு வேலையும் செய்தார். படிப்பு முடிந்த பின் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தும், சமையல் செய்தும், நோயாளிகளைக் கவனித்தும் சிறுகச் சிறுகப் பணம் சேர்த்தார். கல்லூரியில் சேர வேண்டும் என்ற ஒரே ஆசைதான் காரணம்.

அந்த ஆசை 1868-இல் நிறைவேறியது. பெண்களுக்கென்றே நிறுவப்பட்ட வாசர் கல்லூரியில் அவர் சேர்ந்தபோது வயது இருபத்தைந்து. 1847-இல் ஒரு வால்மீனைக் கண்டுபிடித்துப் புகழ் பெற்ற மரியா மிட்செல் அம்மையார் அங்கே வானியல் கற்பித்து வந்தார். அவரிடம் பயின்றும், எலனின் உள்ளம் வேதியியலையே நாடியது. விண்மீன்களின் அறிவைவிட, அடுப்படிக்கும் கிணற்றடிக்கும் உதவும் அறிவே தமக்கு ஏற்றது என்று அவர் கருதினார் போலும்!

1870-இல் பட்டம் பெற்று வெளியே வந்தார். வேதியியல் கூடங்களில் வேலை தேடினார், ஒருவரும் சேர்த்துக்கொள்ளவில்லை. பாஸ்டன் நகரில் புதிதாகத் தோன்றியிருந்த மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் முயன்று பார்க்குமாறு யோசனை கிடைத்தது. அதுவரை அங்கே பெண்கள் எவரும் படித்ததில்லை. அவ்வாண்டு டிசம்பரில் அவரைத் தனி மாணவியாகச் சேர்க்கக் கழகம் இசைந்தது. ஆனால் இதை முன்மாதிரியாகக் கொண்டு மற்றப் பெண்கள் உரிமை கோரக் கூடாது என்பது நிபந்தனை. கட்டணமும் வேண்டாம் என்றனர். தம் ஏழ்மையைக் கண்டு இரங்கினார்கள் என்று எலன் நன்றியோடு நினைத்தார். உண்மை பிறகு தெரிந்தது. யாரேனும் கேள்வி கேட்டால், கட்டணம் செலுத்தாத அவர் மாணவியே அல்லர் என்று கைகாட்டிவிடத்தான் அந்த ஏற்பாடு!

இதையறிந்தும் அவர் மனம் கசக்கவில்லை. ஆய்வகத்தைத் துடைத்து ஒழுங்குபடுத்தினார். பேராசிரியர்களின் உடையில் தையல் விட்டிருந்தால் தைத்தும் கொடுத்தார். பெண் வந்தால் கூடம் கெட்டுவிடும் என்று அஞ்சியவர்கள், இவர் இல்லாவிட்டால் கூடமே நடவாது என்று எண்ணும் நிலை வந்தது. 1871-இல் தந்தை ரயில் விபத்தில் இறந்தார். அந்தத் துயரத்திலும் படிப்பை விடாமல், 1873-இல் அக்கழகத்தின் முதல் பெண் பட்டதாரியானார். மேற்கொண்டு முனைவர் பட்டத்துக்கு உரிய தகுதி அவருக்கு இருந்தும், கழகம் அப்பட்டத்தை அளிக்கவில்லை.

1875-இல், அங்கே சுரங்கவியல் பேராசிரியராக இருந்த ராபர்ட் ரிச்சர்ட்ஸை மணந்தார். இருவரும் தங்கள் இல்லத்தையே ஓர் ஆய்வுக்கூடமாக்கி, காற்றோட்டம், அடுப்பு, துப்புரவு ஆகியவற்றைச் செம்மைப்படுத்திப் பார்த்தனர். 1876-இல் அக்கழகத்தில் பெண்களுக்கென ஒரு வேதியியல் கூடம் திறக்கப்பட்டது. எலன் அதில் ஊதியமின்றிக் கற்பித்தார். 1883-இல் பெண்களையும் மற்ற மாணவர்களோடு சேர்க்கும் நிலை வந்ததால் அக்கூடம் மூடப்பட்டது. தாம் நடத்திய கூடம் தேவையற்றுப் போவதே தம் வெற்றி என்று மகிழ்ந்தவர் அவர்.

இனி, நீரின் கதைக்கு வருவோம்.

அக்காலத்தில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஆலைகள் பெருகிக்கொண்டிருந்தன. ஊர்கள் வீங்கின. கழிவுகள் ஆற்றில் விழுந்தன. வீட்டுக் கிணற்றுக்கு அருகிலேயே மலக்குழிகளும் இருந்தன. ஓர் ஊரின் சாக்கடை அடுத்த ஊரின் குடிநீராயிற்று. மெரிமாக் ஆற்றில் லோவெல் நகரம் மேலே இருந்தது. லாரன்ஸ் நகரம் கீழே. லோவெல் விட்ட கழிவு கலந்த ஆற்று நீரையே லாரன்ஸ் மக்கள் குழாயில் பெற்றனர். டைபாய்டு காய்ச்சல் ஆண்டுதோறும் உயிர்களைக் கொண்டு போயிற்று.

மாநிலச் சுகாதார வாரியம் விழித்துக்கொண்டது. 1872-லேயே பேராசிரியர் வில்லியம் நிக்கல்ஸ் என்பவருக்கு உதவியாக வாரியத்துக்காக நீர்ச் சோதனை செய்து எலன் பழகியிருந்தார். 1884-இல் கழகத்தில் சுகாதார வேதியியல் போதனையாளராக நியமனம் பெற்றார். 1887-இல் மாநிலம் முழுவதிலும் உள்ள நீர்நிலைகளைச் சோதிக்கும் மாபெரும் பணி தொடங்கியது. பேராசிரியர் தாமஸ் டிரவுன் தலைமை ஏற்றார். ஆய்வுக்கூடப் பொறுப்பு எலனின் தோளில் விழுந்தது. அமெரிக்காவில் அதற்கு முன் எங்கும் இத்தகைய ஆய்வு நடந்ததில்லை. 20,000-க்கும் மேற்பட்ட நீர் மாதிரிகள் சோதிக்கப்பட்டன. ஊர் ஊராகப் புட்டிகள் வந்து குவியும். ஒவ்வொன்றையும் தாமதமின்றிச் சோதித்து, முடிவைப் பதிவேட்டில் எழுதியாக வேண்டும். காலைமுதல் இரவுவரை அவர் அங்கேயே இருப்பார்.

எதைச் சோதித்தார்கள்? இங்கேதான் அவருடைய நுண்ணறிவு புலப்படுகிறது. மனிதர் உண்ணும் உப்பு உடலிலிருந்து சிறுநீரோடு வெளியேறுகிறது. கழிவுநீர் மண்ணுக்குள் இறங்கும்போது அதன் நாற்றமும் நிறமும் வடிந்து போகலாம். ஆனால் உப்பிலுள்ள குளோரைடை மண் தடுத்து நிறுத்துவதில்லை. ஆகவே கிணற்று நீரில் குளோரைடு மிகுந்தால் கழிவு கலந்திருக்கிறதோ என்று ஐயுற இடமுண்டு. வெள்ளி நைட்ரேட் கரைசலை விட்டால் வெண்மையான வீழ்படிவு தோன்றி அதைக் காட்டிக் கொடுக்கும் என்பதை வேதியியல் பயிலும் மாணவியர் அறிவர்.

ஆனால் ஒரு சிக்கல்! கடற்காற்று உப்பைச் சுமந்து வந்து நிலத்தில் தூவுகிறது. எனவே கடலோரத்துத் தூய கிணற்றிலும் குளோரைடு இருக்கும். அப்படியானால் எது இயற்கை, எது மாசு? எலனும் அவருடன் உழைத்தவர்களும் மாசுபடாத நீர்நிலைகளின் அளவுகளை எல்லாம் எடுத்து, மாநிலப் படத்தில் குறித்தனர். ஒரே அளவுள்ள இடங்களைக் கோட்டால் இணைத்தபோது ஓர் அழகிய உண்மை தெரிந்தது. கோடுகள் ஏறக்குறையக் கடற்கரையை ஒட்டியே சென்றன. உள்நாட்டுக்குப் போகப் போக அளவு படிப்படியாகக் குறைந்தது. இதுவே இயல்புக் குளோரின் படம் எனப் பெயர் பெற்றது. இனி எந்த ஊர்க் கிணற்றையும் அந்த ஊருக்குரிய இயல்பான அளவோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். அளவு மிஞ்சினால் மாசு எங்கிருந்து வருகிறது என்று தேடலாம்.

அத்துடன் அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட் ஆகியவற்றையும் அளந்தனர். அம்மோனியா மிகுந்திருந்தால் கழிவு அண்மையில் கலந்தது என்றும், அது மறைந்து நைட்ரேட் மட்டும் மிகுந்திருந்தால் மாசு பழையது என்றும் ஊகிக்கலாம். நீரின் பழைய வரலாற்றை நீரிடமே கேட்டறியும் கலை இது.

இந்த உழைப்பு ஏட்டோடு நின்றுவிடவில்லை. அமெரிக்காவில் குடிநீருக்குத் தர அளவுகள் வகுக்கப்பட இவ்வாய்வு வழிகோலியது. 1887-இல் லாரன்ஸ் நகரில் அமைந்த சோதனை நிலையத்தில் நீரையும் கழிவையும் மணல் வழியே வடிக்கும் முறைகள் ஆராயப்பட்டன. வேதியியலால் காண முடியாத கிருமிகளை நுண்ணோக்கி கொண்டு தேடும் பணியை வில்லியம் செட்ஜ்விக் முதலியோர் மேற்கொண்டனர். 1893-இல் பொறியாளர் ஹைரம் மில்ஸின் திட்டப்படி லாரன்ஸ் நகரத்துக்குப் பெரிய மணல் வடிகட்டி அமைந்தது. அதன் பின் அந்நகரில் டைபாய்டு மரணங்கள் பெருமளவு குறைந்தன. எத்தனை தாய்மார்களின் கண்ணீர் துடைக்கப்பட்டது!

எலனின் சிந்தை ஆய்வகத்தோடு நிற்கவில்லை. ஏழைத் தொழிலாளர்க்குச் சத்துணவு குறைந்த விலையில் கிடைக்க 1890-இல் பாஸ்டனில் ஒரு சமையற்கூடம் தொடங்கினார். உணவுக் கலப்படம் பற்றியும், துப்புரவு பற்றியும் நூல்கள் எழுதினார். 1908-இல் அமெரிக்க மனையியல் சங்கம் தோன்றியபோது அதன் முதல் தலைவர் அவரே. 1910-இல் ஸ்மித் கல்லூரி மதிப்புறு முனைவர் பட்டம் அளித்தது. ஆயினும் தாம் படித்த கழகத்தில் பேராசிரியர் பதவி அவருக்குக் கிட்டவே இல்லை. 27 ஆண்டுகள் போதனையாளராகவே இருந்து, 1911-ஆம் ஆண்டு மார்ச் 30-ஆம் நாள் இதய நோயால் காலமானார். அவரிடம் பயின்றவர்களோ பல நகரங்களின் நீரைக் காக்கும் பொறியாளர்களாக விளங்கினர்.

அன்பு மாணவியரே! இவ்வம்மையாரின் வாழ்விலிருந்து நாம் கொள்ள வேண்டியவை பல. நீரின் தெளிவை மட்டும் கண்டு நம்பிவிடக் கூடாது. கிணற்றுக்கு அருகே கழிவுக் குழி இருத்தல் ஆகாது. கொதிக்க வைத்தால் கிருமிகள் மடியும். ஆனால் நைட்ரேட்டும் உப்பும் போவதில்லை, நீர் வற்ற வற்ற அவற்றின் செறிவு கூடவே செய்யும். கிருமி நீக்கத்துக்காகத் தொட்டியில் இடும் குளோரின் வேறு. கழிவைக் காட்டிக் கொடுக்கும் குளோரைடு வேறு. ஆகவே ஐயம் வந்தால் நீரைச் சோதனைக்கு அனுப்புவதே அறிவுடைமை. ஒருமுறை நன்றாக இருந்த நீர் என்றும் நன்றாகவே இருக்கும் என்பதும் இல்லை. மழைக்குப் பின்னும், குழாய் உடைந்த பின்னும் மீண்டும் பார்க்க வேண்டும்.

பெற்றோரே! வீட்டின் நலம் நீர்க்குடத்தில் தொடங்குகிறது. அந்தக் குடத்தைக் காக்கும் பெண்ணுக்கு அறிவியல் எதற்கு என்று கேட்போர் இன்னும் இருந்தால், எலன் ரிச்சர்ட்ஸின் வரலாற்றை அவர்களுக்குச் சொல்லுங்கள். கதவு ஒரு விரற்கடை திறந்தபோது உள்ளே நுழைந்த ஒரு பெண், ஒரு மாநிலத்தின் தாகத்துக்கே காவலாக நின்றார். நம் பள்ளியின் ஆய்வகத்தில் சோதனைக் குழாயை ஏந்தும் கைகளும் அத்தகைய தொண்டுக்கு ஆயத்தமாகட்டும்!