விடுதலை வந்தது, வாழ்வு வந்ததா?

உறையூர்த் தறிக்கூடத்திலும் சுருட்டுக் கொட்டகையிலும் ஒரு காலத்தில் பாட்டென்றால் பாகவதர் பாட்டுத்தான். பொற்கொல்லர் குடும்பத்தில் பிறந்து, திருச்சியில் வளர்ந்து, திரையுலகை ஆண்டவர் எம்.கே.தியாகராஜ பாகவதர்.

1944 நவம்பரில் சென்னை வேப்பேரியில், பிறர் அந்தரங்கத்தை அச்சேற்றிப் பிழைத்த லட்சுமிகாந்தன் குத்தப்பட்டு மாண்டார். கொலைச்சதி என்று பாகவதரையும் கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணனையும் பிடித்தது போலீஸ். 'ஹரிதாஸ்' ஓடிக்கொண்டிருந்தது கொட்டகையில். அதன் நாயகனோ கொட்டடியில்!

1945 மே மாதம் ஆயுள் தண்டனை. அப்பீல் தள்ளுபடி. அசந்தார்களா? இல்லை! லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றார்கள். அப்பீலை மீண்டும் விசாரிக்க உத்தரவு பிறந்தது. வழக்கறிஞர் வி.எல்.எத்திராஜ் வாதாடினார். சாட்சியங்கள் சரிந்தன. 1947 ஏப்ரல் 25-ல் இருவரும் குற்றமற்றவர்கள் என விடுதலை!

இழந்த இரண்டரை ஆண்டை யார் திருப்பித் தந்தார்? 1948-ல் எடுத்த 'ராஜமுக்தி' தோற்றது. பழைய புகழ் திரும்பவில்லை. 1959-ல், நாற்பத்தொன்பது வயதில் மறைந்தார் பாகவதர்.

தோழர்களே, புகழும் பொருளும் படைத்தவருக்கே இந்த அலைச்சல். இதே பழி ஓர் ஏழை நெசவாளி மீது விழுந்திருந்தால், லண்டனுக்கு வழி ஏது? எத்திராஜ் ஏது? ஏழைக்கும் எட்டுவதே நீதி. அதைத்தான் நாம் கேட்கிறோம்!