கோயில் கட்டியவருக்கே பாட அனுமதி இல்லை: யார் இந்த பெங்களூரு நாகரத்தினம்மாள்?

ஜனவரி வந்தாலே திருவையாறு ஆராதனை வீடியோக்கள் வாட்ஸ்அப்பில் சுற்ற ஆரம்பித்துவிடும். காவிரிக் கரைப் பந்தலில் ஆண்களும் பெண்களும் வரிசையாக உட்கார்ந்து பஞ்சரத்ன கீர்த்தனைகளைப் பாடுவார்கள். ஆனால், நூறு வருஷத்துக்கு முன்னால் பெண்கள் அங்கே பாட முடியாது. அதை மாற்றப் போராடியவர் பெங்களூரு நாகரத்தினம்மாள்.

யார் இவர்?

1878-ல் மைசூர் சமஸ்தானத்தின் நஞ்சன்கூட்டில், தேவதாசி குடும்பத்தில் பிறந்தவர். சின்ன வயசிலேயே அம்மாவை இழந்தார். சமஸ்கிருதம், தெலுங்கு, பாட்டு, நடனம் எல்லாம் கற்று, சென்னைக்கு வந்து கச்சேரி மேடையில் பேரும் பணமும் சம்பாதித்தார்.

வம்புக்கு அஞ்சுகிறவர் இல்லை. தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாபசிம்மன் காலத்தில் முத்துப்பழனி என்ற தேவதாசி எழுதிய 'ராதிகா சாந்த்வனம்' தெலுங்கு காவியத்தை 1910-ல் முழுசாகப் பதிப்பித்தார். ஆபாசம் என்று சொல்லி ஆங்கிலேய அரசு அதற்குத் தடை போட்டது.

திருவையாறுக்கு எப்படி வந்தார்?

தியாகராஜர் 1847-ல் மறைந்தார். உஞ்சவிருத்தி எடுத்து வாழ்ந்தவர் அவர். சொத்து எதுவும் விட்டுப்போகவில்லை. சமாதி கவனிப்பாரற்றுக் கிடப்பதாக 1921-ல் நாகரத்தினம்மாளுக்கு அவருடைய குரு பிடாரம் கிருஷ்ணப்பாவிடமிருந்து கடிதம் வந்தது. உடனே கிளம்பிவிட்டார். நிலம் வாங்கி, கச்சேரியில் சம்பாதித்த பணத்தைப் போட்டுக் கோயில் எழுப்பினார். 1926 ஜனவரியில் கும்பாபிஷேகம் நடந்தது.

மகான்களின் நினைவில் தர்மம் செய்வது பல மதங்களிலும் உண்டு. யூதர்கள் ரப்பி மெய்ர் என்ற பழங்கால ஞானியின் பெயரில் வீட்டிலேயே உண்டியல் வைத்து, ஏழைகளுக்காகக் காசு சேர்ப்பார்கள். நாகரத்தினம்மாளோ உண்டியலில் கொஞ்சம் போடவில்லை, மொத்தச் சம்பாத்தியத்தையும் போட்டார்.

அப்புறம் என்ன பிரச்சினை?

அப்போது ஆராதனையை 'பெரிய கட்சி', 'சின்ன கட்சி' என்று இரண்டு கோஷ்டிகள் தனித்தனியாக நடத்தின. இரண்டுமே பெண்களைப் பாட விடவில்லை. கோயில் கட்டியவருக்கும் அதே பதில்தான்.

அவர் சண்டை போட்டுவிட்டு ஊர் திரும்பவில்லை. 1927-ல் சமாதிக்குப் பின்பக்கம் தனியாக ஆராதனை தொடங்கினார். தேவதாசிப் பெண்கள் வந்து பாடினார்கள். மூன்றாவதாக ஒரு 'பெண்கள் கட்சி' உருவானது. 1940-களின் தொடக்கத்தில் மூன்று கட்சிகளும் ஒன்றாகின. இன்று நாம் பார்க்கும் ஆராதனை அப்படி வந்ததுதான்.

அதே காலத்தில், தேவதாசி ஒழிப்புச் சட்டத்தை அவர் எதிர்த்தார் என்பதும் வரலாறு. அந்த முறையின் கொடுமைகளைக் காட்டி முத்துலட்சுமி ரெட்டி சட்டம் கேட்டார். தங்கள் கலையும் சொத்துரிமையும் பறிபோகும் என்பது நாகரத்தினம்மாள் தரப்பின் கவலை. 1947-ல் சட்டம் நிறைவேறியது.

கடைசியில்?

கடைசிக் காலத்தைத் திருவையாறிலேயே கழித்தார். சொத்தை தியாகராஜர் கைங்கரியத்துக்காக உயில் எழுதி அறக்கட்டளையிடம் விட்டார். பெண்கள் அங்கே வழிபடவும் பாடவும் தடை இருக்கக் கூடாது என்பதையும் அந்த உயிலிலேயே சேர்த்துவைத்தார்.

1952 மே 19-ல் காலமானார். அடுத்த முறை திருவையாறு போனால், தியாகராஜர் சமாதிக்கு எதிரே பாருங்கள். கைகூப்பி உட்கார்ந்திருக்கும் சிலை அவருடையதுதான்.