சாக்குத் துணியில் அமர்ந்த மாணவர்

அண்ணல் அம்பேத்கரைச் சட்ட மேதையாக நம் இளைஞர்கள் நன்கறிவர். தொடக்கப்பள்ளிச் சிறுவன் பீமாவை அறிந்தோர் சிலரே. கல்விப் பணியில் ஈடுபட்டுள்ள நாம் முதலில் அறியத்தக்கவன் அச்சிறுவனே என்று கருதுகிறோம்.

1891 ஏப்ரல் 14ஆம் நாள் மோவ் படைமுகாமில் பிறந்த பீமராவ், தந்தையார் இராம்ஜி சக்பால் படைப்பணியிலிருந்து ஓய்வு பெற்றபின் மராட்டிய நாட்டுச் சாத்தாராவில் வளர்ந்தார். தந்தையார் படைப்பள்ளியில் ஆசிரியராயிருந்தவர். வீட்டில் கல்விக்குக் குறைவில்லை. குறை பள்ளியிலேதான் இருந்தது.

ஏனைய பிள்ளைகள் தத்தம் தகுதி வரிசையில் அமர, பீமராவ் மூலையில் தனியே அமர்ந்தார். அமர்வதற்குரிய சாக்குத் துணியை வீட்டிலிருந்தே கொண்டுவருதல் வேண்டும். பள்ளியைத் துப்புரவு செய்பவரும் அதனைத் தொடமாட்டார். ஆதலின் மாலையில் அதனைச் சுருட்டி எடுத்துச் செல்வார். தாகமெடுத்தால் மற்றப் பிள்ளைகளுக்கு ஆசிரியரின் அனுமதி போதும். ஓடிச்சென்று குழாயைத் திறந்து நீர் பருகுவர். பீமராவுக்கோ அனுமதி மட்டும் போதாது. பள்ளிச் சேவகர் வந்து குழாயைத் திறந்துவிடவேண்டும். சேவகர் இல்லாத நாளில் நீரும் இல்லை.

இந்த ஏற்பாட்டைச் செய்தவர்கள் பிள்ளைகள் அல்லர். மூலையைக் காட்டியவரும் சேவகரை அழைத்தவரும் ஆசிரியரே. பிள்ளைகள் நாள்தோறும் அதனைப் பார்த்தனர். எழுத்துகளோடு அதனையும் கற்றனர்.

அன்புள்ள ஆசிரியர் ஒருவரும் சாத்தாராவில் இருந்தார். அவர் பிராமணர். நண்பகல் உணவுக்குப் பீமராவ் வீடு சென்று திரும்பும் தொல்லையைத் தவிர்க்கத் தம் உணவில் ஒரு பகுதியை அன்றாடம் அவர் கையில் இட்டார் என்று தனஞ்செய் கீர் எழுதியுள்ளார். அண்ணலும் அவரை நன்றியோடு நினைவு கூர்ந்தார். ஆயினும் அந்த மூலை அகன்றதாக எவரும் எழுதவில்லை. உணவளிப்பதற்கு ஒருவரின் இரக்கம் போதும்; வகுப்பின் நடுவே இடமளிப்பதற்குத் துணிவும் வேண்டுமன்றோ!

பின்னர்ப் பம்பாய் எல்பின்ஸ்டன் உயர்நிலைப்பள்ளியில், கணக்கொன்றைச் செய்யுமாறு ஆசிரியர் அவரைக் கரும்பலகைக்கு அழைத்தார். உடனே மாணவர்கள் கூச்சலிட்டு ஓடினர். பலகையின் பின்னே அவர்களுடைய உணவுப் பாத்திரங்கள் இருந்தன. அவற்றை அகற்றிய பின்னரே அவர் பலகையைத் தொட முடிந்தது. சிறுவயதில் கற்ற பாடம் அவர்களுக்கு மறக்கவில்லை. வடமொழி பயிலவும் அவருக்கு இடமளிக்கவில்லை. பாரசீகம் பயின்று 1907இல் மெட்ரிகுலேஷன் தேறினார்.

பொதுக் கிணறு, குளங்களோடு பொதுப் பள்ளிகளையும் தாழ்த்தப்பட்டோருக்குத் திறந்துவிடவேண்டும் என்று பம்பாய்ச் சட்டமன்றம் 1923இல் தீர்மானித்தது. தீர்மானம் ஏட்டளவில் நின்றது. 1927 மார்ச் 20ஆம் நாள் மகாத்து நகரின் சவுதார் குளத்திற்கு ஆயிரக்கணக்கானோரை அழைத்துச் சென்ற அண்ணல், எந்தச் சேவகருக்கும் காத்திராமல், தம் கையாலேயே நீரை அள்ளிப் பருகினார்.