திப்புவின் வாளும் புலிக்கோடும்: ஏலம் வரை போன கதை

2023 மே மாதம் லண்டனில் நடந்த ஏலத்தில் திப்பு சுல்தானின் வாள் ஒன்று சுமார் 1.4 கோடி பவுண்டுக்குப் போனது. நம்ம பணத்தில் 140 கோடி ரூபாய்க்கு மேல். அந்த வாள் லண்டனுக்கு எப்படிப் போச்சு?

யார் இவர்?

மைசூரை ஆண்ட ஹைதர் அலியின் மகன். 1780இல் காஞ்சிபுரம் அருகே பொள்ளிலூரில் கம்பெனிப் படை சிதறியதில் திப்புவுக்குப் பெரிய பங்கு உண்டு. அன்று சிறைபட்டவர்களில் டேவிட் பேர்ட் என்ற அதிகாரியும் ஒருவர். 1782இல் ஹைதர் இறந்ததும் திப்பு ஆட்சிக்கு வந்தார். புலிதான் அவரது அடையாளம். சிம்மாசனம், ஆயுதங்கள், சிப்பாய்களின் சீருடை என எல்லாவற்றிலும் புலிக்கோடு!

புதுச்சேரிக்கு என்ன தொடர்பு?

பனித்திட்டிலிருந்து கடற்கரையோரமாக வடக்கே போனால் புதுச்சேரி. 1787இல் திப்புவின் 3 தூதர்கள் பிரான்ஸுக்குக் கப்பல் ஏறியது அங்கிருந்துதான். மறு வருஷம் மன்னர் 16ஆம் லூயியைப் பார்த்தாங்க. தடபுடலான வரவேற்பு கிடைத்தது. கேட்ட ராணுவக் கூட்டணி கிடைக்கவில்லை. 1792 தோல்வியில் பாதி ராஜ்ஜியம் போனது. 2 மகன்களைப் பிணையாக அனுப்ப வேண்டிய நிலை.

1799இல் என்னாச்சு?

மே 4. ஸ்ரீரங்கப்பட்டணம் கோட்டைக்குள் புகுந்த படைக்குத் தலைமை வகித்தவர், அதே பேர்ட். திப்பு சண்டையிட்டே இறந்தார். பிறகு கொள்ளை. சிம்மாசனத்தை உடைத்துப் பங்கு போட்டாங்க. அதன் புலித்தலை இங்கிலாந்து அரச குடும்பச் சேகரிப்பிலும், திப்புவின் கூடாரம் வேல்ஸில் உள்ள போவிஸ் கோட்டையிலும் இருக்கின்றன. பேர்டுக்குப் பரிசாகக் கொடுக்கப்பட்டதுதான் 2023இல் ஏலம் போன வாள்.

அதோடு முடிஞ்சுதா?

இல்லை. திப்புவின் குடும்பத்தை வேலூர் கோட்டையில் வைத்திருந்தார்கள். அங்கே சிப்பாய்களுக்குப் புதுத் தலைப்பாகை வந்தது. அதில் தோல் பட்டை. நெற்றியில் சமயக் குறி கூடாது, தாடி கூடாது என்றும் உத்தரவு. 1806 ஜூலை 10 அன்று கிளர்ச்சி வெடித்தது. கோட்டையில் ஏறியது திப்புவின் புலிக்கொடி.

இது ஏன் முக்கியம்?

போர்க்களத்துச் சீருடை, பித்தான், வாள் இதையெல்லாம் சேகரிப்பவர்கள் உலகம் முழுக்க இருக்காங்க. அது அசலா, போலியா என்பதைத்தான் முதலில் பார்ப்பார்கள். யாரிடமிருந்து, எப்படி எடுக்கப்பட்டது என்பதும் அதே அளவு முக்கியம். அதையும் கேட்டால்தான் அந்த வாளில் பொள்ளிலூரும் ஸ்ரீரங்கப்பட்டணமும் தெரியும். கேட்காவிட்டால், விலை மட்டும்தான் தெரியும்.