கூலியாளாய் வந்த குருவானவர்

ஜனவரி 16ஆம் திகதி புனித யோசப் வாஸ் அடிகளாரின் திருவிழா. இலங்கையின் அப்போஸ்தலர் என அவரைப் போற்றுகின்றோம்; ஆலயங்களிலே அவரது திருச்சொரூபத்துக்கு மாலை சூட்டுகின்றோம். ஆயினும் நானுஓயாவிலும் அதைச் சூழ்ந்த தோட்டங்களிலும் வாழும் எமது குடும்பங்களுக்கு, அவர் இன்னொரு வகையிலும் நெருங்கிய உறவினர் என்பதை நாம் அதிகம் எண்ணிப் பார்ப்பதில்லை.

கோவாவின் பெனவுலிம் கிராமத்தில் 1651 ஏப்ரல் 21ஆம் திகதி, பிராமண மரபில் வந்த கத்தோலிக்கக் குடும்பமொன்றில் அவர் பிறந்தார். 1676இல் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார். புனித பிலிப்பு நேரியாரின் ஒழுங்கைப் பின்பற்றிய கோவா குருக்கள் குழுவுக்குத் தலைவராகவும் விளங்கினார். பிறப்பாலும் கல்வியாலும் பதவியாலும் அவருக்கு மதிப்பு இருந்தது. அங்கேயே அமைதியாக வாழ்ந்து முடித்திருக்கலாம்.

அந்நாளில் இலங்கையின் கரையோரம் ஒல்லாந்தர் வசம் இருந்தது. 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய அவர்கள் கத்தோலிக்கக் குருக்களைத் துரத்தினர். திருப்பலிக்கும் தடை விதித்தனர். ஏறக்குறைய முப்பது ஆண்டுகளாக, ஆயனில்லா மந்தையாய் இங்குள்ள இறைமக்கள் வாழ்ந்தனர். குருவின் உடையில் வந்தால் கரையிலேயே பிடிபட நேரும். எனவே 1687இல், யோவான் என்னும் இளைஞனை மட்டும் துணையாகக் கொண்டு, கூலியாளின் கோலத்தில் தூத்துக்குடியிலிருந்து கடல் கடந்தார் அடிகளார். புயலில் அலைக்கழிந்து மன்னாரை அடைந்து, அங்கிருந்து யாழ்ப்பாணம் சென்றார். கடும் வயிற்றுக்கடுப்பினால் அங்கே தெருவோரம் கிடந்தார். இரங்கிய சிலர் கொடுத்த உணவே அவரைப் பிழைக்க வைத்தது.

இந்த வழி எமக்குப் புதியதன்று. ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின் எமது முன்னோர் கடந்ததும் இதே கடலைத்தான். மன்னார்க் கரையில் இறங்கி, காடு வழியே மாத்தளை நோக்கி நடந்தனர். பசியாலும் வாந்திபேதியாலும் அம்மையாலும் எண்ணற்றோர் வழியிலேயே மாண்டனர். நானுஓயாவுக்கு இருப்புப்பாதை வந்ததே 1885இல்தான். அதற்கு முன் வந்தவர்களுக்குக் கால்களே வாகனம். அந்த வழியை நினைவுகூர்ந்தே 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மலையக மக்கள் நடந்தனர்.

இரண்டையும் ஒன்றெனச் சொல்வது சரியாகாது. அடிகளார் அந்தக் கோலத்தைத் தாமே விரும்பி ஏற்றார். எமது முன்னோர்மீது வறுமை அதைச் சுமத்தியது. ஆனால் இன்றும் ‘தோட்டக்காட்டான்’ என்னும் ஏளனச் சொல் எமது பிள்ளைகளின் காதில் விழுகிறதே, சிலவேளை சக தமிழ்க் கிறிஸ்தவரின் வாயிலிருந்தே விழுகிறதே, அப்போது இதை நினைத்துக்கொள்ள வேண்டும்: இந்நாட்டின் முதல் புனிதர் இக்கரையில் கால் வைத்தது கூலியாளாகத்தான். கிறிஸ்து அடிமையின் தன்மையை ஏற்றார் என்று பிலிப்பியருக்கு எழுதிய திருமுகத்தில் பவுலடியார் கூறுவதை வாசிக்கக் கேட்டவர்களே நாம் அனைவரும்.

உடல் தேறியதும் கழுத்திலே செபமாலையை அணிந்துகொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டுச் சென்றார். செபமாலையைக் கண்டதும் எந்த வீட்டாரின் முகம் மலர்கிறது என்று கவனித்தே, மறைந்திருந்த கத்தோலிக்கரை இனங்கண்டார். சில்லாலை மக்கள் அவருக்குப் புகலிடம் அளித்தனர். பின்னர் புத்தளம் வழியாக 1692இல் கண்டிக்குச் சென்றபோது, போர்த்துக்கேய ஒற்றனென்று குற்றஞ்சாட்டப்பட்டுச் சிறையிடப்பட்டார். அங்கே வீணே கலங்கியிராமல் சிங்கள மொழியைக் கற்றார்.

1697இல் கண்டி நகரில் பெரியம்மை பரவியது. இரண்டாம் விமலதர்மசூரிய மன்னனும் பிரதானிகளும் நகரைவிட்டு அகன்றனர். நோயுற்றவர்களைச் சொந்த வீட்டாரே காட்டில் கொண்டுபோய் விட்டனர். அவர்களைக் கொடியவர்களென்று சொல்லிவிட முடியாது. எஞ்சிய பிள்ளைகளைக் காக்க வேறு வழி அறியாதவர்கள் அவர்கள். அடிகளாரோ தம் உறவினரான யோசப் கர்வாலோ அடிகளாருடன் அந்தக் காட்டுக்குள் சென்றார். குடிசைகள் அமைத்தார்; புண்களைக் கழுவினார்; கஞ்சியும் மருந்தும் ஊட்டினார்; இறந்தவர்களை அடக்கம் செய்தார். நோயாளி கத்தோலிக்கரா பௌத்தரா என்று பார்க்கவில்லை. நல்ல சமாரியர் உவமையை அவர் மேடையில் விளக்கியது எவர் நினைவிலும் இல்லை. காட்டில் அவர் செய்ததோ மூன்று நூற்றாண்டு கடந்தும் பேசப்படுகிறது. அவரைச் சந்தேகித்துச் சிறையிலிட்ட அரசவையே அவரை மதிக்கத் தொடங்கியது.

2020ஆம் ஆண்டின் கொரோனா நாட்களை நாம் மறந்திருக்கமாட்டோம். லயத்தில் ஒரு காம்பராவுக்கும் அடுத்த காம்பராவுக்கும் இடையே இருப்பது ஒற்றைச் சுவர். ஒரு வீட்டில் இருமல் சத்தம் கேட்டால் மறு வீட்டில் கதவு சாத்தப்பட்டது. அச்சத்தில் கதவைச் சாத்துவது மனித இயல்பு. ஆனால் கொள்ளைநோய் எதுவும் இல்லாத நாளிலும் சில கதவுகள் சாத்தியே கிடக்கின்றன. பக்கவாதத்தில் படுத்துவிட்ட மாமியார், மதுவால் குடும்பத்தைச் சீரழித்துவிட்டுத் திரும்பி வந்திருக்கும் அண்ணன், கொழும்பில் வேலைக்குப் போன இடத்தில் நோயுற்று வீடு திரும்பிய மகள்: இவர்களுக்கு யார் கஞ்சி கொண்டுபோவது என்பதில்தான் எத்தனை வீடுகளில் சண்டை! மாலையில் குடும்பச் செபமாலை சொல்லும் வீடுகளும் இவற்றுள் உண்டு. மத்தேயு நற்செய்தியின் 25ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் கேட்கும் கேள்விகள் பசி, தாகம், உடை, நோய் பற்றியவை. அடிகளார் அவற்றை எழுத்துப்படியே எடுத்துக்கொண்டார்.

ஆயர் பதவி தேடி வந்தபோது வேண்டாமென்றார். 1705இல் வந்து சேர்ந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளாரைத் தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் எழுதத் தூண்டினார். இருபத்து மூன்று ஆண்டு அலைச்சலில் உடல் நலிந்து, 1711 ஜனவரி 16ஆம் திகதி கண்டியில் இறைவனடி சேர்ந்தார். 1995இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவரை அருளாளராகவும், 2015 ஜனவரி 14ஆம் திகதி திருத்தந்தை பிரான்சிஸ் புனிதராகவும் கொழும்பு காலிமுகத்திடலில் அறிவித்தனர்.

கண்டியில் அவர் அடக்கம் செய்யப்பட்ட இடம் இன்றுவரை கண்டறியப்படவில்லை. மன்னார் முதல் மாத்தளை வரையிலான வழியில் மாண்ட எமது முன்னோருக்கும் அவ்வாறே கல்லறைகள் இல்லை.