மாசி மாதக் கல்யாணம் சித்திரைக்கு வந்தது எப்படி? மதுரையின் திருவிழாக் காலண்டரையே மாற்றிய திருமலை நாயக்கர்

போனில் மேப்பைத் திறந்து மதுரை மீனாட்சி அம்மன் கோயிலைப் பாருங்கள். கோயிலுக்குள்ளே ஆடி வீதி, மதிலை ஒட்டி வெளியே சித்திரை வீதி, அதற்கடுத்து ஆவணி மூல வீதி, அதையும் தாண்டினால் மாசி வீதி. எந்த மாதத் திருவிழாவில் சாமி எந்தத் தெருவைச் சுற்றி வந்ததோ, அந்த மாதத்தின் பெயர்தான் தெருவுக்கு. அப்படின்னா சித்திரைத் தேர் சித்திரை வீதியில்தானே ஓடணும்?

ஆனால் ஓடுவது மாசி வீதிகளில்!

மீனாட்சி கல்யாணமும் தேரோட்டமும் ஒரு காலத்தில் மாசி மாதத்தில்தான் நடந்தன, பிறகுதான் சித்திரைக்கு மாறின என்கிறது மதுரை மரபு. மாற்றியவர் என்று அது கை காட்டுவது, 1623 முதல் 1659 வரை மதுரையை ஆண்ட திருமலை நாயக்கரை. மஹாலுக்குப் போய் தூண்களுக்கு முன்னால் செல்ஃபி எடுத்த பலருக்கும், அந்த மஹாலைவிட அவர் கைவைத்த திருவிழாக்கள்தான் பெரிய சமாச்சாரம் என்பது தெரியாது.

மண்டைச்சளியில் தொடங்கிய கதை

திருமலைக்கு முன்னால் ஆண்டவர் அவருடைய அண்ணன் முத்துவீரப்ப நாயக்கர். அவர் தலைநகரைத் திருச்சிக்குக் கொண்டுபோய்விட்டார். அண்ணனுக்குப் பின் பட்டத்துக்கு வந்த திருமலை, தலைநகரைத் திரும்பவும் மதுரைக்கே மாற்றினார்.

அதற்கு ஊர் சொல்லும் காரணம் சுவாரஸ்யமானது. திருமலைக்குத் தீராத மண்டைச்சளி. எந்த வைத்தியத்துக்கும் கேட்கவில்லை. திருச்சியிலிருந்து மதுரைக்கு வரும் வழியில் திண்டுக்கல்லில் தங்கியபோது, மீனாட்சியும் சொக்கநாதரும் கனவில் வந்து, மதுரையிலேயே தங்கினால் நோய் தீரும் என்றார்களாம். அவரும் கோயில் திருப்பணி செய்வதாக வேண்டிக்கொண்டார், நோய் போனது, மதுரையிலேயே தங்கிவிட்டார். தலைநகரை மாற்ற அரசியல் காரணங்களும் இருந்திருக்கும். ஆனாலும் சாமியே கூப்பிட்ட ராஜா என்ற பெயர் கிடைத்தால் எந்த ராஜாதான் வேண்டாம் என்பார்?

வந்ததும் கோயில் நிர்வாகத்தில் கைவைத்தார். அதுவரை கோயிலை நடத்திவந்த அபிஷேகப் பண்டாரத்திடமிருந்து பொறுப்பு அரசரின் கைக்கு வந்தது என்று நாயக்கர் கால வரலாறு சொல்கிறது. பூஜைக்கும் திருவிழாவுக்கும் கிராமங்களின் வருமானத்தை ஒதுக்கினார். இது பக்தி மட்டுமில்லை. கோயில் யார் கையில் இருக்கிறதோ, ஊரும் அவர் கையில் என்று தெரிந்தவர் செய்கிற வேலை.

இரண்டு விழா, ஒரே மாதம்

மாசியில் மதுரையைச் சுற்றியுள்ள கிராமங்களில் அறுவடை வேலை மும்முரம். விவசாயிகள் வயலை விட்டுவிட்டுத் திருவிழாவுக்கு வர முடியாது. திருமலை செய்துவைத்த பெரிய தேர்களோ, நூற்றுக்கணக்கான ஆட்கள் வடம் பிடித்தால்தான் அசையும். சித்திரையில் வயல் வேலை ஓய்ந்திருக்கும், கையிலும் நாலு காசு இருக்கும். கல்யாணமும் தேரும் சித்திரைக்கு வந்ததற்கு மதுரையில் சொல்லப்படும் காரணம் இதுதான்.

இன்னொரு பக்கம், மதுரையிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர் தள்ளி அழகர்கோவில். அங்கே இருக்கும் கள்ளழகர் பெருமாள், சித்ரா பௌர்ணமியையொட்டி வைகைக் கரைக்கு வருவது வழக்கம். வந்தது மதுரைக்கு அல்ல, தேனூர் என்ற கிராமத்துக்கு. அலங்காநல்லூர் வழியாகப் போய், அங்கே ஆற்றில் இறங்குவார். தவளையாகச் சாபம் பெற்ற மண்டூக முனிவருக்கு விமோசனம் கொடுப்பதுதான் அவர் வருவதன் நோக்கம். அதில் மீனாட்சிக்கு வேலையே இல்லை.

திருமலை காலத்தில் அழகரின் பாதை மதுரைப் பக்கம் திரும்பியது. மீனாட்சி கோயிலின் சைவ விழா, அழகர்கோவிலின் வைணவ விழா, இரண்டும் ஒரே ஊரில் அடுத்தடுத்த நாட்களில். தங்கை கல்யாணத்துக்குச் சீர்வரிசையோடு அண்ணன் கிளம்பி வருகிறார், வந்து சேர்வதற்குள் தாலி கட்டியாச்சு என்று கேள்விப்படுகிறார், கோபத்தில் ஊருக்குள் நுழையாமலே வண்டியூர் பக்கம் போய்விடுகிறார் என்ற கதை எல்லாருக்கும் தெரியும். அழகர்கோவில் தல புராணத்தில் தேடினால் இது கிடைக்காது. தேரோட்டத்துக்கு முதல் நாளே கல்யாணம் முடிந்துவிடுகிறது, அழகர் ஆற்றில் இறங்குவதோ தேரோட்டத்துக்கு மறுநாள். இரண்டு விழாவுக்கும் நடுவே விழுந்த அந்த இடைவெளிக்கு மக்களே ஒரு காரணம் கண்டுபிடித்தார்கள். அதுவும் அண்ணன் தங்கச்சி சண்டை! எந்த வீட்டுக் கல்யாணத்தில்தான் இப்படி ஒரு கோபம் இல்லை?

இதில் இழப்பு தேனூருக்கு. தங்கள் ஊருக்கு வந்துகொண்டிருந்த சாமி, ராஜா இருக்கும் ஊருக்குப் போய்விட்டது. வண்டியூர் பக்கம் வைகைக்குள் ஒரு மண்டபம் இருக்கிறது. மண்டூக முனிவருக்கு அழகர் விமோசனம் கொடுக்கும் சடங்கு இன்றும் அங்கேதான் நடக்கிறது. அந்த மண்டபத்தின் பெயர் தேனூர் மண்டபம். ஊர் மாறியும் பேர் போகவில்லை.

செங்கோல் ஒருநாள் அரண்மனைக்கு

சித்திரைத் திருவிழாவின் எட்டாம் நாள் மீனாட்சிக்குப் பட்டாபிஷேகம். சித்திரை முதல் ஆவணி வரை மதுரையை ஆள்வது அம்மன், அதற்குப் பிறகு சுவாமி. பட்டாபிஷேகத்தன்று அம்மனின் செங்கோல் கோயிலிலிருந்து திருமலையின் அரண்மனைக்கு ஊர்வலமாக வரும். அதைச் சிம்மாசனத்தில் வைத்து வணங்குவார், பிறகு கோயிலுக்கே திரும்பிவிடும். நாடு அம்மனுடையது, அவர் பிரதிநிதிதான் என்று அர்த்தம். பிரதிநிதியை எதிர்ப்பது யாரை எதிர்ப்பதாகும் என்பதைச் சொல்லவே வேண்டாம்.

கட்டடங்களும் இதே கணக்கில்தான். கிழக்கு கோபுரத்துக்கு எதிரே வசந்த விழாவுக்காகப் புது மண்டபம் கட்டினார். அதன் தூண்களில் தன் முன்னோர்களுடன் தன்னையும் சிலையாக நிறுத்தினார். சாமியைப் பார்க்க வருபவர்கள் ராஜாவையும் பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும். அதற்குக் கிழக்கே தொடங்கிய ராய கோபுரம் மட்டும் அடித்தளத்தோடு நின்றுபோனது.

மஹாலுக்குச் செங்கல் அறுக்க மண் எடுத்த இடம்தான் வண்டியூர் தெப்பக்குளம் ஆனது என்பார்கள். தோண்டும்போது கிடைத்த பெரிய பிள்ளையார்தான் இன்று மீனாட்சி கோயிலில் இருக்கும் முக்குறுணி விநாயகர். ஒரு குறுணி என்றால் 6 படி. விநாயகர் சதுர்த்தியன்று 3 குறுணி, அதாவது 18 படி அரிசியில் இவருக்கு ஒற்றைக் கொழுக்கட்டை. தெப்பத் திருவிழா நடப்பது தை மாதம். அது திருமலை பிறந்த நட்சத்திரமான பூசத்தையொட்டி வைத்தது என்பது ஊர் வழக்கு.

மூக்கறுப்பும் நவராத்திரியும்

இதெல்லாம் ஏதோ அமைதியான ஆட்சியில் நடந்ததாக நினைத்துவிடக் கூடாது. விஜயநகரப் பேரரசரை எதிர்த்தார், அதற்காகத் தக்காண சுல்தான்களின் உதவியை நாடினார், கடைசியில் அவர்களுக்கே கப்பம் கட்டவேண்டி வந்தது. ஆட்சியின் கடைசிக் காலத்தில் மைசூர்ப் படை உள்ளே புகுந்தது. வழியில் அகப்பட்டவர்களின் மூக்கை அறுத்ததால் அதற்கு மூக்கறுப்புப் போர் என்றே பெயர். திருமலை அப்போது நோயாளி. ராமநாதபுரம் ரகுநாத சேதுபதி படையோடு வந்து காப்பாற்றினார். பிறகு மதுரைப் படை மைசூருக்குள் போய் அதே கொடுமையைத் திருப்பிச் செய்தது.

உதவிக்கு வந்த சேதுபதிக்குக் கிடைத்த பரிசுகளில் நிலம் உண்டு, திருமலை சேதுபதி என்ற பட்டமும் உண்டு. கூடவே, மதுரையில் நடப்பதுபோல ராமநாதபுரத்திலும் நவராத்திரி கொண்டாடும் உரிமை. ஒரு திருவிழாவை அப்படியே எடுத்துப் பரிசாகக் கொடுத்திருக்கிறார். அன்று அது எவ்வளவு பெரிய கௌரவமாக இருந்திருந்தால் நிலத்துக்குச் சமமாக வைத்திருப்பார்!

1659இல் திருமலை இறந்தார். கோயில் நிலவறைக்குக் கூட்டிப்போய் கல்லால் மூடிவிட்டார்கள் என்றும், கிறித்தவப் பாதிரியார்களுக்கு ஆதரவாக இருந்ததுதான் காரணம் என்றும் கதைகள் உண்டு. ஆதாரம் இல்லை. பேரன் சொக்கநாத நாயக்கர் தலைநகரைத் திரும்பவும் திருச்சிக்கு மாற்றினார். மஹாலின் பகுதிகளைப் பெயர்த்தும் கொண்டுபோனார். இன்று நாம் பார்ப்பது அன்றைய அரண்மனையில் ஏறக்குறைய கால் பங்குதான்.

1736இல் நாயக்கர் ஆட்சியே முடிந்துவிட்டது. பட்டாபிஷேகம் மட்டும் வருஷா வருஷம் நடக்கிறது. அம்மனின் செங்கோலை வாங்கிக்கொள்ள இப்போது ராஜா இல்லாததால், கோயில் நிர்வாகத்தின் பிரதிநிதி வாங்கிக்கொள்கிறார்.