ஜிம் கிரே: விழுந்த கணினியை எழுப்பக் கற்றுத் தந்தவர்



நம் மலருக்கு ஒரு மேதையின் வாழ்க்கையை எழுதித் தரச் சொன்னார்கள். நியூட்டன், ராமானுஜன், விஸ்வேஸ்வரய்யா எல்லோரையும் சீனியர்கள் முந்தைய மலர்களிலேயே எழுதித் தீர்த்துவிட்டார்கள். எனக்கு அதில் வருத்தம் இல்லை. நான் எழுத நினைத்தவர் ஜிம் கிரே. கம்ப்யூட்டர் சயன்ஸ் படித்தவர்களிலேயே பாதிப் பேருக்கு இந்தப் பெயர் தெரியாது. ஆனால் பணம் அனுப்பும்போது நடுவில் வங்கியின் கணினி படுத்துவிட்டாலும் உங்கள் கணக்கு குழம்பாமல் இருக்கிறதே, அதற்குப் பின்னால் உழைத்த மூளைகளில் முக்கியமானது அவருடையது.

என் பிழைப்பும் அதைச் சார்ந்ததுதான். டேட்டாபேஸ் மென்பொருள் எழுதும் ஒரு கம்பெனியில் ரெக்கவரி குழுவில் இருக்கிறேன். ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸைத் தடாலென்று கொன்றுவிட்டு, திரும்ப எழுப்பி, கணக்கு சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது எங்கள் வேலை. ஒரு ராத்திரிக்கு நூற்றுக்கணக்கான தடவை கொல்வோம். கல்யாண வீட்டில் யாராவது என்ன உத்தியோகம் என்று கேட்டால் விளக்கி முடிப்பதற்குள் பந்தி முடிந்துவிடும்.

ஜேம்ஸ் நிக்கலஸ் கிரே 1944 ஜனவரி 12 அன்று சான் பிரான்சிஸ்கோவில் பிறந்தார். அப்பா ராணுவத்தில் இருந்ததால் முதல் மூன்று வருடங்களில் பெரும்பகுதி ரோம் நகரில் கழிந்தது. ஆங்கிலத்துக்கு முன்பே இத்தாலியன் பேசப் பழகினார். சில வருடங்களில் பெற்றோர் பிரிந்துவிட, ஆசிரியையான அம்மாவோடு சான் பிரான்சிஸ்கோவுக்கே திரும்பினார். இந்த அம்மாவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் மறுபடி வருகிறார்.

1961-இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். வேதியியலில் மார்க் சரியாக வராமல் மனம் நொந்து ஆறு மாதம் படிப்பையே விட்டுவிட்டார். (அரியர் வைத்திருக்கும் தம்பிகள் கவனிக்க.) வெளியே வேலை பார்த்த அனுபவம் இன்னும் மோசமாக இருக்கவே, பேசாமல் திரும்பி வந்து 1966-இல் பொறியியல் கணிதத்தில் பட்டம் வாங்கினார். 1969-இல் டாக்டர் பட்டம். கணினி அறிவியலில் பெர்க்லி கொடுத்த முதல் டாக்டர் பட்டம் அதுதான்.

அடுத்து ஐபிஎம். 1970-இல் அதே கம்பெனியின் சான் ஹோசே ஆய்வகத்தில் இருந்த எட்கர் காட், தகவல்களை அட்டவணைகளாக வைக்கலாம் என்று ரிலேஷனல் கொள்கையை வெளியிட்டிருந்தார். காகிதத்தில் அழகாகத்தான் இருக்கிறது, ஓடுமா என்று பலர் சந்தேகப்பட்டார்கள். ஓட்டிக் காட்டுவதற்காக அங்கே சிஸ்டம் ஆர் என்ற திட்டம் தொடங்கியது. எஸ்க்யூஎல் மொழி பிறந்ததும் அங்கேதான். அந்த மொழிக்குக் கிடைத்த புகழ் வேறு. கிரே எடுத்துக்கொண்டது யாரும் ஆசையாகக் கேட்டு வாங்காத வேலை: ஒரே நேரத்தில் பலபேர் அட்டவணையைத் தொட்டால் என்ன ஆகும், நடுவில் இயந்திரம் செத்துப்போனால் என்ன ஆகும்?

இதில் என்ன கஷ்டம் என்று தோன்றலாம். அப்பா கணக்கிலிருந்து மகன் கணக்குக்கு 5,000 ரூபாய் போகிறது. ஒன்றில் கழிக்க வேண்டும், மற்றொன்றில் கூட்ட வேண்டும். கணினி இரண்டையும் நினைவகத்தில் செய்துவிட்டு, டிஸ்க்கில் பிறகு சாவகாசமாக எழுதும். எழுதுவதற்குள் கரண்ட் போனால்? கழித்தது மட்டும் டிஸ்க்குக்குப் போயிருந்தால் 5,000 ரூபாய் காற்றில் போச்சு. கூட்டியது மட்டும் போயிருந்தால் வங்கிக்கு நாமம்.

பழைய மளிகைக் கடையில் சிட்டை, பேரேடு என்று இரண்டு நோட்டு வைத்திருப்பார்கள். வியாபாரம் நடக்க நடக்கச் சிட்டையில் வரிசையாக எழுதிக்கொண்டே போவார்கள். கடை கட்டின பிறகு அதைப் பார்த்து ஆள்வாரியாகப் பேரேட்டில் பதிவார்கள். பதியும்போது பாதியில் விளக்கு அணைந்தாலும் சிட்டை இருந்தால் கணக்கு பிழைத்துக்கொள்ளும். டேட்டாபேஸின் லாக் என்பது இந்தச் சிட்டைதான். விதி ஒன்றே ஒன்று: சிட்டை டிஸ்க்கில் பத்திரமாக ஏறாமல் பேரேட்டைத் தொடக்கூடாது. கணினி மறுபடி எழுந்ததும் லாக்கைப் படிக்கும். முடிந்துவிட்டது என்று பதிவான வேலை பேரேட்டில் ஏறாமல் இருந்தால் மறுபடி செய்யும், அது ரீடூ. முடியாத வேலை பாதி ஏறியிருந்தால் அழித்துவிடும், அது அன்டூ. 1978-இல் அச்சான தன் பாடக் குறிப்புகளில் கிரே இதையெல்லாம் தெளிவாக எழுதிவைத்தார். இன்றைக்குப் படித்தாலும் புரிகிறது. நம் பாடப்புத்தகங்கள் சிலவற்றைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

எனக்கு அவர்மேல் மரியாதை வந்தது இன்னொரு கட்டுரையால். சிஸ்டம் ஆர் திட்டத்தில் லாக் மட்டும் போதாதென்று நிழல் பக்கம் என்ற முறையும் வைத்திருந்தார்கள். ஒரு பக்கத்தை மாற்றும்போது பழையதைத் தொடாமல் புதியதை வேறிடத்தில் எழுதுவது, பிறகு ஒரு நேரம் பார்த்து மொத்தமாகப் புதியதற்கு மாறிக்கொள்வது. கேட்கப் பாதுகாப்பாக இருக்கும். நடைமுறையில் பக்கத்துப் பக்கத்தில் இருக்க வேண்டிய தகவல் டிஸ்க் முழுக்கச் சிதறிப்போகும், எது எங்கே என்று சொல்லும் பட்டியலே பெரிதாகிவிடும். 1981-இல் கிரேயும் கூட இருந்தவர்களும் ரெக்கவரி பற்றி எழுதிய கட்டுரையில், பெரிய கோப்புகளுக்கு இந்த முறை சரிப்படவில்லை, மறுபடி கட்டினால் லாக்கை மட்டுமே நம்புவோம் என்று ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார்கள். சொந்தச் சரக்கைப் பற்றி இப்படி எழுதும் கம்பெனி ஆட்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

இங்கே என் அனுபவம் ஒன்று. முன்பு நான் வேலை பார்த்த இடத்தில், ஒரு வாடிக்கையாளரின் கணக்கு பதினைந்து நாளுக்கு ஒரு முறை உதைத்தது. எங்கள் கம்பெனியின் அந்தப் பழைய புரோகிராமை எங்கள் கணினியில் எத்தனை தடவை கொன்றாலும் சரியாகவே எழுந்தது. கடைசியில் நேரம் பார்த்தபோதுதான் பிடிபட்டது. அங்கே கரண்ட் போகும், வரும், ஒரு நிமிடத்தில் மறுபடி போகும். டேட்டாபேஸ் எழுந்து, முடியாத வேலைகளை அழித்துக்கொண்டிருக்கும்போதே மீண்டும் விழுந்துவிடும். அடுத்த தடவை எழுந்ததும், ஏற்கெனவே அழித்ததையே திரும்ப அழிக்கும். ஒரு கணக்கில் கழித்த பணத்தை இரண்டு முறை திருப்பிக் கொடுத்தால் எப்படி இருக்கும்? அழித்ததையும் லாக்கில் எழுதியிருந்தால் இந்தக் கதி வந்திருக்காது. எங்கள் சோதனையை அன்றே மாற்றினோம்: எழுந்துகொண்டிருக்கும்போது கொல்வது, அப்படி எழும்போது இன்னொரு முறை கொல்வது.

இந்தச் சிக்கலுக்கு உலகத்துக்கே வழி சொன்னது 1992-இல் வந்த ஏரீஸ் என்ற கட்டுரை. அதன் முதல் ஆசிரியர் சி. மோகன், சென்னை ஐஐடியில் 1977-இல் கெமிக்கல் என்ஜினீயரிங் முடித்தவர்! கிரே முன்பு இருந்த அதே சான் ஹோசே ஆய்வகத்துக்குப் போய்ச் சேர்ந்தவர். கெமிக்கல் படித்த நம் நண்பர்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம்.

கிரே 1980-இல் ஐபிஎம்மை விட்டு டேன்டம் கம்பெனிக்குப் போனார். நிற்காமல் ஓடும் கணினிகளைச் செய்தவர்கள் அவர்கள். அப்படியும் சில நின்றன. ஏன் நின்றன என்று வாடிக்கையாளர்களிடமிருந்து வந்த தகவல்களை உட்கார்ந்து எண்ணி, 1985-இல் ஓர் அறிக்கை எழுதினார். எல்லாரும் இயந்திரக் கோளாறு என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். அது 18 சதவீதம்தான். மென்பொருள் 25. கரண்ட், ஏ.சி. மாதிரியான சுற்றுப்புறக் காரணங்கள் 14. பராமரிப்பு, நிர்வாகம் என்று மனிதர்கள் கைவைத்ததால் வந்தது 42!

மென்பொருள் பிழைகளை அவர் இரண்டு ஜாதியாகப் பிரித்தார். போர் அணு மாதிரி கெட்டியாக, எப்போது பார்த்தாலும் அதே இடத்தில் இருப்பது ஒன்று. ஹைசன்பெர்க் தத்துவம் மாதிரி, உற்றுப் பார்த்தால் ஓடி ஒளிவது இன்னொன்று. ஹைசன்பக் என்ற பெயர் பரவியது அந்த அறிக்கையால்தான். பார்த்த 132 மென்பொருள் பிழைகளில் முதல் ஜாதி ஒன்றே ஒன்று. மற்றதெல்லாம் வேலையைக் கைவிட்டு மறுபடி ஆரம்பித்தால் வராதவை. ஆகவே தப்பு என்று சந்தேகம் வந்த நொடியே நின்றுவிடு, லாக்கை வைத்து மறுபடி எழுந்துகொள் என்பது அவர் கட்சி. சமாளித்து ஓட்டுகிறேன் என்று போனால்தான் தகவல் கெடும்.

இதன் அருமை 2018-இல் நன்றாகத் தெரிந்தது. போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ், எழுதியதை டிஸ்க்கில் உறுதிப்படுத்தச் சொல்லி லினக்ஸிடம் கேட்கும். முடியவில்லை என்று பதில் வந்தால் மறுபடி கேட்கும். இரண்டாவது தடவை சரி என்று பதில் வரும். ஆனால் அதற்குள் லினக்ஸ் அந்தப் பக்கத்தை எழுதியாகிவிட்டது போலக் குறித்துக்கொண்டிருக்கலாம், டிஸ்க்கிலோ ஒன்றும் இருக்காது. பல வருடங்களாக யார் கண்ணிலும் படாத ஓட்டை. 2019 பிப்ரவரியில் வந்த திருத்தத்தில், முதல் தடவை முடியவில்லை என்றாலே டேட்டாபேஸ் தானாக விழுந்து, லாக்கிலிருந்து எழும்படி செய்தார்கள். கிரே இருந்திருந்தால் சிரித்திருப்பார்.

1990-இல் டெக் கம்பெனி, 1995-இல் மைக்ரோசாஃப்ட். சியாட்டில் பக்கம் குடிபோக அவர் விரும்பாததால் சான் பிரான்சிஸ்கோவிலேயே ஆய்வகம் அமைத்துக் கொடுத்தார்கள். 1998-இல் டூரிங் விருது கிடைத்தது. ஆண்ட்ரியாஸ் ராய்ட்டருடன் சேர்ந்து அவர் எழுதிய டிரான்ஸாக்ஷன் புராசஸிங் புத்தகம் தலையணை சைஸ். பயப்படாமல் ரெக்கவரி அத்தியாயங்களை மட்டுமாவது படியுங்கள். கடைசி வருடங்களில் வானியலாரோடு சேர்ந்து, நட்சத்திரங்களின் படங்களையும் அளவுகளையும் யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கும்படி ஒரு டேட்டாபேஸ் கட்டிக்கொடுத்தார்.

2007 ஜனவரி 28, ஞாயிற்றுக்கிழமை. அம்மா காலமாகியிருந்தார். அவருடைய அஸ்தியைக் கடலில் கரைக்க, டெனேஷியஸ் என்ற தன் 40 அடி பாய்மரப் படகில் கிரே தனியாகக் கிளம்பினார். சான் பிரான்சிஸ்கோவுக்கு மேற்கே உள்ள ஃபாரலான் தீவுகள்தான் இலக்கு. திரும்பவில்லை. ஆபத்து என்று ஒரு சமிக்ஞைகூட வரவில்லை. கடலோரக் காவல் படை நான்கு நாள் தேடியது. ஒரு பலகைத் துண்டுகூடக் கிடைக்கவில்லை.

அதன் பிறகு நண்பர்கள் இறங்கினார்கள். செயற்கைக்கோள் எடுத்த கடல் படங்களைத் துண்டு துண்டாக வெட்டி அமேசான் வழியாகப் பொதுமக்களுக்கு அனுப்ப, ஆயிரக்கணக்கானவர்கள் வெள்ளைப் புள்ளி எதாவது தெரிகிறதா என்று ராப்பகலாக உற்றுப் பார்த்தார்கள். பிப்ரவரி 16-இல் அதையும் நிறுத்தினார்கள். கடலடித் தேடல் மே மாதம் வரை நடந்தது. படகு இன்றுவரை அகப்படவில்லை. 2012-இல், கிளம்பிப் போய் ஐந்து வருடம் கழித்து, அவர் இறந்துவிட்டதாகச் சட்டப்படி அறிவித்தார்கள்.